பேரோசையிலும் நம்பிக்கை பேசும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இறைவனைப் பாடும் இசை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் சொல்வோம். அது மென்மையாக இருக்க வேண்டும். மனத்தை அடக்க வேண்டும். கண்ணை மூடினால் கடவுளை நினைக்கத் தோன்ற வேண்டும். இதில் தவறொன்றும் இல்லை. மூன்று ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் நிற்கும் நானும் அந்த மென்மையை விரும்புகிறவள்தான். ஆனால் நாம் அதோடு நிற்பதில்லை. “மென்மையான இசை மட்டுமே இறைவனுக்கு உரியது, மின் கிட்டாரும் டிரம்ஸும் அதிரப் பாடுகிறவர்கள் எவராயினும் நம்மவர் அல்லர்” என்று அடுத்த அடியையும் எடுத்து வைத்துவிடுகிறோம். அந்த அடியைப் பற்றித்தான் இக்கட்டுரையில் என் கருத்தைச் சொல்ல விழைகிறேன். பெரியோர் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எதையும் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். ஆகவே ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ‘ஸ்ட்ரைப்பர்’. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில் தோன்றிய குழு அது. என் தாய்மாமா கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கிய ஒலிநாடாக்களுள் இக்குழுவினுடையதும் ஒன்று. அதன் உறையில் இருந்த மஞ்சள், கறுப்புப் பட்டைகளைப் பார்த்துத்தான் முதலில் விசாரித்தேன்.

மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்னும் அண்ணன் தம்பியர் தொடங்கிய குழு இது. தம்பி மைக்கேல் பாடுபவர், கிட்டாரும் வாசிப்பவர். அண்ணன் ராபர்ட் டிரம்ஸ் அடிப்பவர். ஆஸ் ஃபாக்ஸ் இன்னொரு கிட்டார் கலைஞர். டிம் கெய்ன்ஸ் பாஸ் கிட்டார் வாசித்தவர். முதலில் ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இரவு விடுதிகளில் வாசித்துவந்த இவர்கள், 1983ஆம் ஆண்டில் தங்கள் இசையை இயேசுவுக்கே கொடுப்பது என்று முடிவு செய்து பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். ‘ஸ்ட்ரைப்’ என்றால் ஆங்கிலத்தில் பட்டை, கோடு என்று பொருள். சாட்டையடி பட்ட முதுகில் எழும் தழும்புக்கும் பழைய ஆங்கில விவிலியத்தில் அதே சொல்தான். எசாயா ஆகமத்தின் 53ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தில், துன்புறும் ஊழியர் வாங்கிய அடிகளால்தான் நமக்கு நலம் கிடைத்தது என்னும் கருத்து வருகிறதல்லவா? அந்த வசனத்தின் எண்ணையே அவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்து அச்சிட்டார்கள். ஆக, அந்த மஞ்சள் கறுப்புக் கோடுகள் வெறும் அலங்காரம் அல்ல. கல்தூணில் கட்டி அடிக்கப்பட்ட நம் ஆண்டவரின் நினைவு அவற்றில் இருக்கிறது.

1984இல் ஆறு பாடல்கள் கொண்ட முதல் தொகுப்பு வந்தது. 1986இல் வந்த தொகுப்பு அமெரிக்காவில் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. கிறிஸ்தவ ஹெவி மெட்டல் இசையில் அதற்கு முன் எந்தத் தொகுப்பும் அந்த அளவை எட்டியதில்லை. அதன் பெயர் ‘டு ஹெல் வித் த டெவில்’. இந்தப் பெயரைக் காதால் மட்டும் கேட்டால் எந்த அன்னைக்கும் திடுக்கென்றிருக்கும். பொருளைக் கேட்டால் அச்சம் தீரும். சாத்தானே, நீ நரகத்துக்கே போ என்று அவனை விரட்டும் பேச்சு அது. ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் மெழுகுதிரியைக் கையில் ஏந்திக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? சாத்தானை விட்டுவிடுவதாகத்தானே சொல்கிறோம்! அதையேதான் அவர்கள் உரத்த குரலில் சொன்னார்கள். அதே தொகுப்பில் பியானோவோடு தொடங்கும் ‘ஹானஸ்ட்லி’ என்ற மெல்லிய பாடல், அமெரிக்காவின் பொதுப் பாடல் வரிசையில் 23ஆம் இடம் வரை ஏறியது.

இவர்கள்தான் முதல்வர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1969இலேயே லாரி நார்மன் என்பவர் ராக் இசையில் இயேசுவைப் பாடித் தொகுப்பு வெளியிட்டார். 1972இல் இந்தியானாவில் ‘பெட்ரா’ என்ற குழு தோன்றியது. அக்காலத்திலேயே ‘ரிசரெக்‌ஷன் பேண்ட்’ என்னும் குழு சிகாகோ நகரில் ஏழைகளோடு ஒரே சமூகமாக வாழ்ந்துகொண்டே பாடியது. ஆனால் ஆலயத்துக்குள் என்றுமே வராத இளைஞர் கூட்டத்தின் நடுவே, அவர்களுடைய விடுதிகளிலும் அரங்குகளிலும் போய் நின்று, அவர்கள் விரும்பும் அதே இசையில் இயேசுவின் பெயரைச் சொன்னதில் ஸ்ட்ரைப்பருக்குத் தனி இடம் உண்டு. நிகழ்ச்சி நடக்கும்போதே மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரிடையே வீசுவது அவர்கள் வழக்கம்.

இனி அந்த இசையைப் பற்றிச் சிறிது. “ஒரே இரைச்சல்” என்று நாம் தள்ளிவிடுகிறோம். இரைச்சலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மின் கிட்டாரின் கம்பி அதிரும்போது பிறக்கும் மின் அலையை, ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கும் மேலாகப் பெருக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது மூல ஒலியோடு அதன் மடங்குகளான பல மேல் ஒலிகளும் புதிதாகப் பிறக்கின்றன. கரகரப்பும் கனமும் நீண்டு நிற்கும் தன்மையும் அதனால்தான் வருகின்றன. இப்படிப்பட்ட ஒலியில் பல சுரங்களை ஒன்றாக மீட்டினால் குழம்பிவிடும். ஆகவே ஆதார சுரத்தையும் அதற்கு ஐந்தாவது சுரத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். அவற்றின் அதிர்வெண்கள் 2க்கு 3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் கரகரப்பிலும் தெளிவு கெடுவதில்லை. இது கனம். இந்தக் கனத்தின் மேல் மைக்கேலும் ஆஸும் இரண்டு கிட்டார்களில் ஒரே மெட்டை வேறு வேறு சுரங்களில் இணைத்து வாசிப்பார்கள். அதற்கும் மேலே மைக்கேலின் உயர்ந்த குரலும் மற்றவர்களின் துணைக் குரல்களும் அடுக்கடுக்காகச் சேரும். நம் பாடகர் குழுவில் சகோதரி நம்மை சொப்ரானோ, ஆல்ட்டோ என்று பிரித்து நிறுத்தி, ஒருவர் குரலை மற்றவர் விழுங்காமல் பாடக் கற்பிக்கிறாரே, அதே விதிதான் அங்கும். இரைச்சல் என்று நாம் நினைப்பதன் அடியில் ஒழுங்கு இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது.

இவர்களை எதிர்த்தவர்கள் பலர். உலகத்தார் சிரித்தார்கள் என்றால் வியப்பில்லை. நம்பிக்கையாளரே முதலில் கல்லெறிந்தார்கள். அவர்களுள் புகழ் பெற்றவர் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட். 1987இல் கிறிஸ்தவ ராக் இசையைக் கண்டித்து ஒரு நூலே வெளியிட்டார். மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டை வீசுவதைப் பன்றிகளின் முன் முத்துகளை எறிவதற்கு ஒப்பிட்டார். இதில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. மைக்கேல் சிறுவனாக இருந்தபோது, 1975 வாக்கில், முதன்முதலாக இயேசுவை ஏற்றுக்கொண்டதே இதே ஸ்வாகர்டின் தொலைக்காட்சி மறையுரையைக் கேட்டுத்தான்! விதைத்தவரே விளைச்சலை அடையாளம் காணாமல் போனார்.

அவர் சொன்ன ஒப்புமையை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். புதிய ஏற்பாடு முத்து என்றால், அதைப் பிடிக்கக் கை நீட்டியவர்கள் யார்? நீள முடி வளர்த்த, கிழிந்த சட்டை போட்ட, வீட்டில் யாருக்கும் அடங்காத பதினாறு வயது, பதினேழு வயது பிள்ளைகள். அவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டலாமா? வரி தண்டுபவர் வீட்டில் உண்ட நம் ஆண்டவர் அவர்களை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்? இசை பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இசை பிடிக்காத காரணத்தால் அதைக் கேட்கும் பிள்ளையையே தள்ளிவிடும் உரிமை எவருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

“இசைக்கருவியே தவறு, அது சாத்தானின் கருவி” என்பாரும் உண்டு. அவர்கள் நம் ஆலயத்திலுள்ள ஆர்கனின் வரலாற்றை அறிய வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கருவியாகப் பிறந்தது அது. ரோமானியர் காலத்தில் அது எங்கே ஒலித்தது தெரியுமா? மனிதரை மனிதர் வெட்டிச் சாய்த்த விளையாட்டரங்குகளில்! அந்தச் சண்டைக்காட்சியையும் அருகில் ஆர்கன் வாசிப்பவரையும் காட்டும் பழைய தரைச் சித்திரம் லிபியா நாட்டில் கிடைத்திருக்கிறது. பின்னர் 757ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசர் பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். காலப்போக்கில் அது மேற்கு நாட்டு ஆலயங்களின் கருவியாயிற்று. இரத்தம் சிந்திய அரங்கின் கருவி பீடத்தின் அருகே வந்து தூய்மை பெற முடிந்ததென்றால், ஒரு கருவியின் பிறப்பை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது விளங்கும்.

திருச்சபையும் இதில் படிப்படியாகவே நடந்திருக்கிறது. 1903ஆம் ஆண்டு புனித செசிலியாவின் திருநாளாகிய நவம்பர் 22 அன்று பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட மடலில் ஆலயத்தில் பியானோவும் டிரம்ஸ் போன்ற ஓசை மிகுந்த கருவிகளும் கூடா என்று தடுத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தது. அதோடு, புனிதப் பயனுக்கு ஏற்றவையாக இருந்தால் பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு சேர்க்கலாம் என்று வழிவிட்டது. சங்கீத நூலின் கடைசிப் பாடலோ எக்காளத்தையும் மத்தளத்தையும் பேரொலி எழுப்பும் கைத்தாளத்தையும் இறைபுகழுக்கு அழைக்கிறது.

அதற்காக நாளை ஞாயிறு திருப்பலியில் மின் கிட்டார் முழங்க வேண்டும் என்று நான் கேட்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பீடம் வேறு, மேடை வேறு. திருப்பலி நம்முடைய நிகழ்ச்சி அன்று. அங்கே நாம் அமைதியாகப் பெற்றுக்கொள்கிறவர்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த திருவழிபாடு பற்றிய நூலில், பின்னாளில் பதினாறாம் ஆசீர்வாதப்பராகத் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர், ராக் இசைத் திருவிழாக்களில் மனிதன் கூட்டத்தின் வெறியிலும் ஓசையின் அதிர்ச்சியிலும் தன்னையே மறந்துவிடுகிறான் என்று எச்சரித்தார். இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். கூட்டத்தில் கரைந்து போவது செபம் ஆகாது. ஆனால் திருப்பலிக்குப் பொருந்தாத எல்லாமே வாழ்க்கைக்கும் பொருந்தாதவை என்றால், நாம் விளையாட்டு மைதானத்தில் கத்துவதையும் நிறுத்த வேண்டியிருக்குமே! திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997 செப்டம்பரில் இத்தாலியின் பொலோஞா நகரில் பெருந்திரளான இளைஞரோடு அமர்ந்து ராக் பாடகர் பாப் டிலனின் பாடல்களைக் கேட்டார். பின்பு அவருடைய ஒரு பாடலின் கருத்தையே எடுத்துக்கொண்டு அவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார். இளைஞர் இருக்கும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது என்றால் அதுதான்.

அன்றியும், மென்மையான இசை என்பதாலேயே அது இறைவனுக்கு உகந்ததாகிவிடாது. இறைவாக்கினர் ஆமோஸின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தமக்கு வேண்டாம் என்று அங்கே ஆண்டவர் ஒதுக்குவது விழாப் பாடல்களையும் யாழின் இனிய ஓசையையும்! ஏனென்றால் பாடியவர்கள் ஏழைகளை மிதித்துக்கொண்டே பாடினார்கள். நீதி ஆறாக ஓட வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஆகவே இறைவன் நம் இசையின் ஓசை அளவை அளப்பதில்லை. பாடுகிறவரின் வாழ்வையே பார்க்கிறார்.

இப்போது நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்த காரணத்தைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனின் உற்ற நண்பர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். வயது பதினேழு. அண்ணன் அழவில்லை. பேச்சைத்தான் நிறுத்திவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், உண்பான், போய்விடுவான். செபமாலை நேரத்தில் எழுந்து போய்விடுவான். அம்மா ஆறுதலான பாடல்களைப் போட்டு வைப்பார்கள். அவன் போய் நிறுத்திவிட்டு வருவான். “எல்லாம் நன்மைக்கே என்று பாடுகிறவர்களை என்னால் கேட்க முடியவில்லை” என்று ஒருநாள் சொன்னான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதெல்லாம் இந்தக் கனத்த இசைதான். வீட்டில் எல்லாருக்கும் கவலை. அப்பாவுக்குக் கோபமும் வந்தது. ஒருநாள் நான் போய் அவன் அருகில் உட்கார்ந்து, “அண்ணா, இந்தப் பாட்டில் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டேன். சிறிது நேரம் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு தாளை எடுத்து வரி வரியாகப் பொருளை எழுதிக் கொடுத்தான். அதில் துன்பம் இருந்தது, கோபம் இருந்தது, கைவிடாத ஒருவரை நோக்கிய கூப்பாடும் இருந்தது. அந்தத் தாளை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா இருமுறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒலியைக் குறைக்கச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

மறு ஞாயிறே அண்ணன் திருப்பலிக்கு ஓடி வந்துவிட்டான் என்று எழுதினால் கதை போல் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆனால் அன்று மாலை கதவைச் சாத்தவில்லை. இறந்த நண்பரைப் பற்றி என்னிடம் முதன்முறையாகப் பேசினான். துக்கத்திலிருந்து பேச்சுக்கு வர அவனுக்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது. அந்தப் பாலம் மெல்லிய இசையாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இது புதிய செய்தியும் அன்று. சங்கீத நூலில் மகிழ்ச்சிப் பாடல்கள் மட்டுமா உள்ளன? ஏன் கைவிட்டீர் என்று கேட்கும் பாடல்கள் எத்தனை! 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சம் வராமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் திருச்சபை தன் செபப் புத்தகத்தில் வைத்துக் காத்துவருகிறது. கடவுளிடம் கத்துகிறவன் கடவுளை விட்டுப் போனவன் அல்லன். கேட்பார் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் கத்துவான். உரத்த இசையில் நம்பிக்கையைப் பாடும்போது, “உன் வலியின் அளவு எனக்குத் தெரியும், அதைவிட உரக்கவே நான் நம்பிக்கையைச் சொல்கிறேன்” என்று ஒருவர் தோளில் கை வைப்பது போல் துன்புறும் இளைஞனுக்கு இருக்கிறது.

ஆயினும் நம்பிக்கையைப் பாடுவது எளிது, காப்பது அரிது. ஸ்ட்ரைப்பர் குழுவினரும் தவறாதவர்கள் அல்லர். 1990இல் அவர்கள் மஞ்சள் கறுப்பு உடையைக் களைந்தார்கள். அவ்வாண்டு வந்த தொகுப்பில் இறைப்பெயரைத் தேட வேண்டியிருந்தது. அந்நாட்களில் மதுவுக்கும் இடம் கொடுத்ததை மைக்கேல் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் (2014) மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1992இல் அவர் விலக, குழுவும் கலைந்தது. இங்கேயே கதை முடிந்திருந்தால் எதிர்த்தவர்கள் சொன்னதே சரி என்றாகியிருக்கும். ஆனால் 2003இல் அவர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பயணம் புறப்பட்டார்கள். 2005இல் வெளிவந்த புதிய தொகுப்புக்கு ‘மறுபிறப்பு’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். சோதனை அத்துடன் நிற்கவில்லை. 2009 மார்ச்சில் மைக்கேலின் மனைவி புற்றுநோயால் இறந்தார். 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகர மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே ஆஸ் ஃபாக்ஸ் வலிப்பு வந்து விழுந்தார். தலையில் கட்டிகள் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகும் அவர் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. 2024இல் வந்த தொகுப்பிலும் ஸ்வீட் சகோதரர் இருவரும் அவரும் சேர்ந்தே இசைத்திருக்கிறார்கள். பத்து இலட்சம் விற்ற இளமைப் பருவத்தைவிட, நரைத்த தலையோடு அதே நம்பிக்கையைப் பாடும் இந்த முதுமைப் பருவம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் கத்தோலிக்கத் துறவியர் ஒருவரின் செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். இத்தாலியில் கப்புச்சின் சபையைச் சேர்ந்த சகோதரர் சேசரே பொனிஸ்ஸி, மெட்டாலிக்கா என்னும் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்து அவ்விசையின் ஆற்றலில் வியந்து, தாமே ஹெவி மெட்டல் பாடத் தொடங்கினார். வயது அறுபதைத் தாண்டியவர். வெண்தாடியும் பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாக 2008இல் பொலோஞாவில் நடந்த பெரிய இசை விழாவில் மேடை ஏறினார். அடுத்த ஆண்டே விலகியும் விட்டார். தம்மைப் புகழின் உச்சிக்குத் தூக்கித் தம் துறவறச் சகோதரர்களிடமிருந்து பிரிக்கச் சாத்தான் முயல்கிறான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆபத்து இசையின் ஓசையில் இல்லை, புகழில் இருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார் அல்லவா? மென்மையாகப் பாடிப் பரிசு வாங்கும் எனக்கும் அந்த ஆபத்து உண்டு.

என் வயதுத் தோழியருக்கும் சில சொற்கள். ‘கிறிஸ்தவ’ என்ற பெயர்ச்சீட்டு ஒட்டியிருப்பதால் மட்டும் எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சில குழுக்களுக்கு அது விற்பனைக்கான பெயராகவும் இருக்கலாம். சொற்களைப் படியுங்கள், பொருளை அறியுங்கள், கேட்டு முடித்த பின் உங்கள் மனம் தம்பி தங்கையிடம் அன்பாக இருக்கிறதா, எரிந்து விழுகிறதா என்று பாருங்கள். கனியைக் கொண்டு மரத்தை அறியலாம். காதுக்கும் கருணை காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. இசையரங்குகளில்கூடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று 2022இல் வரையறுத்திருக்கிறது. கெட்டுப்போன செவி நரம்பு திரும்பாது. படிக்கும் நேரத்தில் இசையை ஒதுக்கி வைப்பதும் ஒரு தவம்தான்.

பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் பணிவோடு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அறையிலிருந்து பிடிக்காத இசை கேட்கும்போது, “நிறுத்து” என்ற சொல் வாயில் வருவது இயல்பு. அதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இதில் என்ன சொல்கிறார்கள்?” கெட்டதாக இருந்தால் அந்தக் கேள்வியே எங்களை நாண வைக்கும், ஒளித்துவைக்க இயலாமல் செய்யும். நல்லதாக இருந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பேச்சு தொடங்கும். அதைக் கேட்கும் பிள்ளை அன்று பேசுவதற்கு யாருமில்லாமல் இருக்கிறதோ என்னவோ! தடை போடுவதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது. கேட்பதற்கு உரிய நேரம் சில நாட்களில் ஒருமுறைதான் வருகிறது.

நம் ஆலயத்தில் மென்மையான பாடல்களே தொடர்ந்து ஒலிக்கட்டும். நானும் முன்வரிசையில் நின்று பாடுவேன். ஆனால் வெளியே, ஆலயப் படியேறாத பிள்ளைகள் நிற்கும் இடத்தில், யாரோ சிலர் அதிரும் கிட்டாரோடு அதே ஆண்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களைப் பகைவர் என்று எண்ண வேண்டாம். தம் பெயரால் நன்மை செய்தவனைத் தடுக்கப்போன சீடர்களை ஆண்டவரே தடுத்தார். அவர்களுக்காகவும், அவர்களுடைய பாடலைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தி இருக்கும் பிள்ளைகளுக்காகவும், நம் மாலைச் செபத்தில் ஓர் அருள்நிறை மந்திரத்தைச் சேர்த்துச் சொல்வோம்.